காகிதச் சுவர் அலங்காரம்: குறிப்பில் விட்டுப்போன விவரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலங்காரக் காகிதத்தை வைத்துக் குறைந்த செலவில் சுவரை அழகுபடுத்துவது பற்றித் தங்கள் நாளிதழின் வீட்டுப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. அட்டையில் பசை தடவு, பிடித்த காகிதத்தை ஒட்டு, சுவரில் மாட்டு என்று மூன்றே வரியில் வேலை முடிந்துவிட்டது. படம் அழகாக இருந்தது. அதைப் பார்த்துப் பலர் செய்தும் பார்த்திருப்பார்கள். அவர்களில் பாதிப் பேருடைய அட்டையாவது மறுநாள் காலையில் வில்லாக வளைந்திருக்கும். காகிதத்தில் சுருக்கம் விழுந்திருக்கும். தாளை விசிறி போல மடித்து வட்டமாக்கிச் செய்யும் விசிறிப் பூ நடுவில் பிதுங்கிக்கொண்டு படியாமல் நின்றிருக்கும். "நமக்குக் கைவேலை வராது" என்று அவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. அவர்கள் கையில் குறை ஒன்றும் கிடையாது, குறிப்பில்தான் சில விவரங்கள் விட்டுப்போயின. பைண்டிங், ஃபிரேம் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் அவற்றை எழுதுகிறோம்.

முதலில் சிக்கனக் கணக்கு. பரிசுப் பொருள் சுற்றும் தாள் பெரும்பாலும் 50 செ.மீ.க்கு 70 செ.மீ. அளவில் கிடைக்கும். இதில் ஒரு நீளப் பக்கத்தை ஒட்டி 35 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, அதை இரண்டாக்கினால் 35-க்கு 35 செ.மீ. சதுரங்கள் இரண்டு கிடைக்கும். ஒவ்வொன்றும் 30 செ.மீ. சதுர அட்டை ஒன்றை மூடப் போதும். மீதி 15-க்கு 70 செ.மீ. பட்டை. அதை நெடுக்காகப் பிளந்தால் ஏழரை செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் 15 செ.மீ. விட்டமுள்ள ஒரு விசிறிப் பூவாகும். ஆக ஒரே தாளில் இரண்டு பலகை (தாள் ஒட்டிய அட்டையைத்தான் பலகை என்கிறோம்), இரண்டு பூ. குப்பைக்கு அநேகமாக ஏதும் போகாது. ஒரே வகைத் தாள் இரண்டு வாங்கினால் ஒரு சுவருக்குத் தேவையான நான்கு பலகையும் நான்கு பூவும் ஆகிவிடும். பெரிய பூ, பறவை போன்ற உருவங்கள் அச்சான தாளில் இந்தக் கணக்கு பலிக்காது. வெட்டு விழும் இடத்தில் உருவம் அரைகுறையாகிவிடும். சிறிய வடிவங்கள் நெருக்கமாக அச்சானதோ, கோடு, புள்ளி, மார்பிள் வகையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போதே தாளின் ஓரத்தில் சிறிது கிழித்துப் பாருங்கள். கிழிபட்ட இடத்தில் நார் நாராகத் தெரிந்தால் அது காகிதம். மெல்லிய ஜவ்வு போல இழுபட்டால் மேலே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. பளபளக்கும் உலோகப் பூச்சுத் தாள்களும் இந்த வகையில்தான் சேரும். நீர் கலந்த பசை இவற்றில் சரியாகப் பிடிக்காது. டபுள் சைடு டேப்தான் போட வேண்டும். சாயம் கரைகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரப் பஞ்சால் ஒரு மூலையைத் துடைத்தால் தெரிந்துவிடும். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தத் தாளைப் பசை வேலைக்கு எடுக்காமல் கண்ணாடி போட்ட ஃபிரேமுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி, அட்டை ஏன் வளைகிறது? காகிதம் இயந்திரத்தில் ஓடி வரும்போது அதிலுள்ள நார்களில் பெரும்பாலானவை ஓடும் திசையிலேயே படுத்துவிடும். எங்கள் தொழிலில் இதைக் கிரெய்ன் என்போம். நார் ஓட்டம் என்று சொன்னாலும் சரிதான். நார் நனைந்தால் பருக்கும், ஆனால் அதிகம் நீளாது. அதனால் பசை பட்ட காகிதம் நார் ஓட்டத்துக்குக் குறுக்காக விரிகிறது. விரிந்த நிலையிலேயே அட்டையில் ஒட்டிக்கொள்கிறது. காயும்போது பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கிறது, பசை விடமாட்டேன் என்கிறது. கடைசியில் அட்டையையே தன் பக்கம் இழுத்து வளைத்துவிடுகிறது. 2 மி.மீ. அட்டையையே ஒரு மெல்லிய தாள் வளைத்துவிடும் என்பது பார்த்தால்தான் நம்ப முடியும்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: பின்பக்கமும் ஒரு தாள் ஒட்ட வேண்டும். முன்பக்கத் தாளின் கனத்துக்கு நெருங்கியதாக, அதே நார் ஓட்டத்தில், அதே பசையில், அதே நாளில். முன்பக்கம் காய்ந்து வளைந்த பிறகு பின்பக்கம் ஒட்டினால் பாதிதான் நிமிரும். பின்பக்கத்துக்கு அழகான தாள் தேவையில்லை, சாதாரணப் பழுப்புத் தாள் போதும்.

நார் ஓட்டத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. தாளின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சதுரத் துண்டை வெட்டுங்கள். எது நீளப் பக்கத்து ஓரம் என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஈர விரலால் தடவி மேசைமேல் வையுங்கள். சில விநாடிகளில் அது குழல் போலச் சுருண்டுகொள்ளும். அந்தக் குழல் எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ அதுதான் நார் ஓட்டம். அட்டைக்கு இந்தச் சோதனை சரிவராது; இரண்டு கையாலும் பிடித்து நெடுக்கிலும் குறுக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைந்து குழல் வாட்டம் கொள்கிறதோ, அந்தக் குழலின் நீளம்தான் நார் ஓட்டம். அட்டை, முன்தாள், பின்தாள் மூன்றுக்கும் ஒரே ஓட்டம் அமைய வேண்டும். சதுரப் பலகையில் இது மிகச் சுலபம். பொருந்தவில்லையென்றால் அட்டையைக் கால் வட்டம் திருப்பினால் போதும்.

பசைக்கு வருவோம். மர வேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பிவிஏ பசையே போதும். 4 பங்கு பசைக்கு 1 பங்கு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். தண்ணீர் கூடினால் காகிதம் அதிகம் விரிந்து சுருக்கம் விழும். கலக்காமல் அப்படியே தடவினால் தூரிகையின் தடம் மெல்லிய தாளில் வரிவரியாகத் தெரியும், திருத்துவதற்குள் காய்ந்தும் விடும். 35 செ.மீ. சதுரத் தாளுக்கு 12 முதல் 15 கிராம் பசை போதும். சின்னத் தேக்கரண்டியில் மூன்றுக்கு மேல் போகாது. இதற்கு மேல் போகிறதென்றால் தடவுவது கனமாக இருக்கிறது என்று அர்த்தம். கை வேகம் போதாதவர்கள் மாவுப் பசையைப் பாதிக்குப் பாதி சேர்த்துக்கொள்ளலாம். 1 பங்கு மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் 5 பங்கு தண்ணீர் ஆகும்படி சேர்த்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே கண்ணாடிப் பதம் வரும்வரை காய்ச்சி வடிகட்டினால் அது தயார். அது மெதுவாகக் காயும் என்பதால் தாளை நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். ஆனால் மாவுச்சத்து ராமபாணப் பூச்சிக்குப் பிடித்த தீனி. ஈரம் தங்கும் சுவரில் மாட்டப் போவதாக இருந்தால் வெறும் பிவிஏ பசையே நல்லது. ரப்பர் சொல்யூஷன் எந்தத் தாளுக்கும் வேண்டாம். போகப் போகப் பழுப்பேறி, கறை முன்பக்கம் வரை வந்துவிடும்.

ஒட்டும் முறையில் தாளின் கனம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பரிசுத் தாள் 60 முதல் 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரைதான் இருக்கும். இதில் நேரடியாகப் பசை தடவினால் தூக்குவதற்குள் சுருண்டு தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும். அதனால் பசையை அட்டையில் சிறு ரோலராலோ தட்டைத் தூரிகையாலோ மெல்லியதாகத் தடவி, உலர்ந்த தாளை அதன்மேல் இறக்குங்கள். 120 ஜி.எஸ்.எம்.-க்கு மேற்பட்ட கனத்த தாளானால் இதற்கு நேர்மாறு. தாளிலேயே பசை தடவி, 2, 3 நிமிடம் விட்டுவிட வேண்டும். அதற்குள் அது விரிய வேண்டிய அளவுக்கு விரிந்து அடங்கிவிடும். அந்த அவகாசம் கொடுக்காமல் ஒட்டினால் அட்டைமேல் வைத்த பிறகு விரியத் தொடங்கி அலை அலையாக எழும்பும்.

தாளை இறக்கும்போது நடுவில் தொட்டு, அங்கிருந்து ஓரங்களுக்குத் தள்ளிக்கொண்டே போங்கள். கையை நேராகத் தாள்மேல் தேய்க்காமல் இடையில் ஒரு வெள்ளைத் தாள் வைத்துத் தேய்த்தால் அச்சு மங்காது. கடுகளவு குமிழ்கள் காயும்போது தாமே அடங்கும். பெரிய குமிழை ஊசியால் குத்திக் காற்றை வெளியே விட்டு அழுத்தலாம். விரலால் ஓரத்துக்குத் துரத்தினால் அது சுருக்கமாகிவிடும், சுருக்கம் விழுந்தால் போகாது.

மூலைதான் இந்த வேலையில் கண்ணுக்குத் தெரியும் இடம். ஒவ்வொரு பக்கமும் அட்டைக்கு வெளியே இரண்டரை செ.மீ. தாள் நீட்டிக்கொண்டிருக்கும். மூலையை 45 பாகையில் சாய்வாக வெட்ட வேண்டும். ஆனால் அட்டையின் மூலையை ஒட்டி வெட்டக் கூடாது, அட்டைக் கனத்தைப் போல ஒன்றரை மடங்கு இடம் விட்டு வெட்ட வேண்டும். 2 மி.மீ. அட்டைக்கு 3 மி.மீ. இடைவெளி. இதைக் குறைத்தால் மடித்த பிறகு மூலையில் அட்டையின் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். கூட்டினால் மூலை முடிச்சுப் போல உருண்டு நிற்கும். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை முதலில் மடித்து ஒட்டுங்கள். அடுத்த பக்கத்தை மடிப்பதற்கு முன், மூலையில் மிஞ்சி நிற்கும் அந்த 3 மி.மீ. தாளை நகத்தால் உள்பக்கம் அட்டையோடு ஒட்டி அழுத்திவிடுங்கள். இந்த ஒரு நகத் தள்ளல்தான் கடையில் செய்த வேலைக்கும் வீட்டில் செய்த வேலைக்கும் உள்ள வித்தியாசம். பிறகு பின்பக்கத்தில் 29 செ.மீ. சதுரப் பழுப்புத் தாளை ஒட்டினால் மடிப்பெல்லாம் மறைந்துவிடும்.

உடனே இரண்டு பக்கமும் வெள்ளைத் தாள் வைத்து, சமமான மரப் பலகைகளுக்கு நடுவே, 5, 6 கிலோ பாரத்தின் கீழ் வைத்துவிடுங்கள். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டும். ஒரு மணி நேரம் கழித்து ஈரம் குடித்த வெள்ளைத் தாள்களை மாற்றிவிட்டு, குறைந்தது 12 மணி நேரம் அப்படியே விட வேண்டும். வெயிலிலோ மின்விசிறிக்குக் கீழோ காயவைத்தால் ஒரு பக்கம் முந்திக்கொண்டு காயும்; பின்தாள் ஒட்டியும் பலனில்லாமல் போய்விடும். "பத்தே நிமிடத்தில் சுவர் அலங்காரம்" என்ற தலைப்புகள் எங்களுக்கு வருத்தம் தருவது இதனால்தான். கைவேலை அரை மணி நேரம்தான், ஆனால் காயும் நேரம் ஓர் இரவு. அதைச் சொல்லிவிட்டால் யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

வெட்டும் கருவி பற்றி ஒன்றிரண்டு. கட்டரின் நுனி மழுங்கினால் வெட்டாமல் தாளை இழுத்துக் கிழிக்கும். 2 மி.மீ. அட்டையில் எட்டுப் பத்து வெட்டுக்கு ஒருமுறை நுனியை ஒடித்துப் புதிதாக்கிக்கொள்ளுங்கள். அட்டையை ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல், லேசான கையால் நான்கைந்து முறை ஒரே தடத்தில் இழுங்கள். ஸ்டீல் ஸ்கேல்தான் வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கேலைக் கட்டர் செதுக்கிவிடும், செதுக்கிய இடத்தில் பிளேடு ஏறி விரலுக்கும் வரும்.

விசிறிப் பூ பார்க்கத்தான் குழந்தை விளையாட்டு. உண்மையில் அது முழுக்கக் கணக்கு. பட்டையின் அகலம்தான் பூவின் ஆரம். ஏழரை செ.மீ. பட்டைக்கு 15 செ.மீ. விட்டம், சுற்றளவு சுமார் 47 செ.மீ. பட்டையின் நீளம் சுற்றளவைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். அதனால்தான் 70 செ.மீ. கச்சிதமாக வருகிறது. நீளம் குறைந்து சுற்றளவை நெருங்கினால் மடிப்பு முழுக்க விரிந்து பூ தட்டையாகிவிடும், நடுவில் கூடாமல் ஓட்டை விழும். இரண்டு மடங்கைத் தாண்டினால் நடுவில் நெரிசலாகிப் படியவே படியாது.

ஒரு செ.மீ.க்கு ஒரு மடிப்பு. புடவைக் கொசுவம் போலக் கைப்பழக்கத்தில் மடித்துக்கொண்டே போகலாம் என்று தோன்றும், ஆனால் பத்தாவது மடிப்பிலேயே கோணிவிடும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு கோடு அழுத்திவிட்டுப் பிறகு மடித்தால் அனைத்தும் ஒரே சீராக வரும். இனி, குறிப்பு எழுதுகிறவர்கள் அநேகமாக விட்டுவிடும் ஒரு விஷயம்: 70 செ.மீ. பட்டையில் 70 பட்டிகள் (மடிப்புக் கோடுகளுக்கு இடைப்பட்ட ஒரு செ.மீ. துண்டுகள்) வரும். வளையமாக்க முதல் பட்டியின்மேல் கடைசிப் பட்டியை ஒட்டினால் மிச்சம் 69, அது ஒற்றைப்படை. வளையத்தில் மேடும் பள்ளமும் மாறி மாறி வர இரட்டைப்படைதான் வேண்டும். அதனால் ஒட்டும் இடத்தில் மட்டும் இரண்டு மேடுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து, அந்த இடம் சப்பையாகத் துருத்தும். மடிக்கும் முன்பே ஓரத்தில் ஒரு செ.மீ. வெட்டிவிட்டு 69 பட்டிகளோடு தொடங்குங்கள். ஒட்டிய பிறகு 68 இருக்கும், எல்லாம் வரிசையாகப் பொருந்தும்.

வளையத்தை மேசையில் நிற்க வைத்து, மேல் விளிம்பை உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டே கீழே அழுத்தினால் பூ விரியும். கையை எடுத்தால் உடனே துள்ளி எழும். அதனால் 4 செ.மீ. வட்ட அட்டை இரண்டை முன்கூட்டியே வெட்டி வைத்திருக்க வேண்டும். ஒன்றில் பசை தடவி மேசைமேல் வைத்து, பூவை அதன்மேல் அழுத்தி, மேலே அடுத்த வட்டத்தை ஒட்டி, கனமான புத்தகம் ஒன்றை வைத்து 2, 3 மணி நேரம் விட்டுவிடுங்கள். க்ளூ கன் இருந்தால் ஒரு நிமிடத்தில் முடியும். குறைந்த சூட்டு வகைகூட நூறு பாகை செல்சியஸைத் தாண்டும் என்பதால் குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். பரிசுத் தாளில் 20 செ.மீ. விட்டத்துக்கு மேல் பூ செய்தால் ஓரம் தொய்ந்துவிடும். பெரிய பூவுக்கு 120 ஜி.எஸ்.எம். தாள் வேண்டும். அதில் மடிப்பு நார் ஓட்டத்தோடு போக வேண்டும். குறுக்கே மடித்தால் மடிப்பு விளிம்பில் அச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரியும்.

கையால் செய்த தாள், மார்பிள் தாள் போன்று ஒட்டி மூட மனம் வராதவற்றுக்கு ஃபிரேம்தான் பொருத்தம். ஏ4 ஃபிரேமில் ஏ5 தாளை வைப்பது கண்ணுக்கு எப்போதும் இதமாக இருக்கும். காரணம் இரண்டுக்கும் நீள அகல விகிதம் ஒன்றே. இந்த விகிதத்தின் சிறப்பை லிச்டன்பெர்க் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் 1786-லேயே ஒரு கடிதத்தில் எழுதினார். 1922-ல் அது ஜெர்மனியின் தர அளவாகி, இன்று உலகில் பெரும்பாலான இடங்களில் புழங்குகிறது. 148-க்கு 210 மி.மீ. ஏ5 தாளுக்கு மவுண்ட் அட்டையில் (கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே சட்டம் போல வைக்கும் அட்டை) 140-க்கு 200 மி.மீ. சன்னல் வெட்டுங்கள். தாளின் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் டேப் போட்டுத் தொங்கவிடுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால் காற்றில் ஈரம் ஏறும்போது விரிய இடமில்லாமல் தாள் வயிறு தள்ளும். மவுண்ட் இல்லாமல் தாளை நேராகக் கண்ணாடியில் அழுத்தி வைத்தாலும் கெடுதல்தான். உள்ளே ஈரம் கோத்தால் அச்சு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

மாட்டும்போது சுவரைப் பாருங்கள். 30 செ.மீ. பலகை ஒன்று 125 கிராம் அளவுதான் இருக்கும், எடையால் விழாது. சுவர் விட்டுவிடுவதால்தான் விழும். விரலால் தேய்த்தால் மாவு ஒட்டும் சுண்ணாம்புச் சுவரில் எந்த டேப்பும் நிற்காது. அங்கே சின்ன ஆணிதான். வழவழப்பான பெயின்ட் சுவரில் ஃபோம் டேப் நன்றாகப் பிடிக்கும், ஆனால் எடுக்கும்போது பெயின்டையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். இழுக்காமல், பலகைக்குப் பின்னால் கெட்டியான நூலை விட்டு ரம்பம் போல அறுத்து எடுங்கள். உப்புப் பூத்த சுவரில் காகித வேலை எதையும் மாட்டவே வேண்டாம். மற்றச் சுவர்களிலும் பின்பக்க மூலைகளில் 3 மி.மீ. கனத்துக்குக் கார்க்கோ ஃபெல்ட்டோ ஒட்டி, காற்றுப் போக இடைவெளி விடுங்கள்.

பலகைகளை மாட்டுமுன் அதே அளவில் பழைய செய்தித்தாளை வெட்டிச் சுவரில் லேசாக ஒட்டி, ஒரு நாள் பார்த்துவிட்டு ஆணி அடிப்பது நல்லது. தொகுப்பின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பலகைகளுக்கு இடையே 5 செ.மீ. போதும். சோபாவுக்கு மேலே என்றால் அதன் முதுகிலிருந்து 15, 20 செ.மீ. மேலே தொடங்கலாம். ரசமட்டம் ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது.

வெயில் நேராக விழும் சுவரைத் தவிருங்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி நிறம் வெளுப்பதைத் தடுக்காது. ஒளிரும் இளஞ்சிவப்பு, ஒளிரும் மஞ்சள் போன்றவை முதலில் போகும். சந்தேகமிருந்தால் தாளின் துண்டு ஒன்றைப் பாதி கறுப்பு அட்டையால் மூடி ஜன்னலில் மூன்று வாரம் ஒட்டிவைத்துப் பாருங்கள். அடுப்பு, ஹீட்டர், விளக்குத் திரி, சூடேறும் பல்பு இவற்றுக்கு அருகில் எந்தக் காகித அலங்காரமும் கூடாது. விசிறிப் பூவின் மடிப்புகளுக்கிடையே காற்று நிறைந்திருப்பதால் அது தட்டைத் தாளைவிட வேகமாகப் பற்றும்.

இனி வரும் கைவேலைக் குறிப்புகளில் தாளின் ஜி.எஸ்.எம்., பசையில் கலக்கும் தண்ணீர், காயும் நேரம், பின்தாள் ஆகிய நான்கையும் ஒரு சிறு பெட்டியில் போட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். நான்கு வரி இடம்தான் ஆகும். படத்தில் பலகையின் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் ஒருமுறை காட்டினால் வாசகர்கள் பார்த்தே புரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
பைண்டிங், ஃபிரேம் வேலை செய்வோர்